நம் சரித்திரத்தை யார் எழுதுவது?

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சரித்திரமென்றால் ராஜாக்களின் கதை என்று பலர் எண்ணுகிறார்கள். பால்மரம் வெட்டுகிறவனுக்கும் சரித்திரம் உண்டு. நாம் கூடியிருக்கும் இந்தக் கிள்ளானே அதற்குச் சாட்சி.

1941-ம் ஆண்டு இவ்வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் துணை நின்றது. சீனத் தொழிலாளருக்குள்ள கூலியைத் தங்களுக்கும் கேட்டனர். அதோடு, கள்ளுக்கடையை மூடவேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க படிப்பு வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும் என்றனர். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர்.

மே மாதம் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனைச் சர்க்கார் கைது செய்து, பின் நாடு கடத்திற்று. வேலைநிறுத்தம் பரவிற்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

இதை ஆராய்ந்து எச். இ. வில்சன் 1981-ல் தனி நூல் வெளியிட்டார். மலாயா இந்தியரைப் பற்றிய மைக்கேல் ஸ்டென்சனின் நூல் 1980-ல் வந்தது. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால், ஆராய்கிறவர் கைக்கு முதலில் எட்டுவது சர்க்கார் கோப்பு. அதை எழுதியவர் அதிகாரி. அன்றிரவு லயத்தில் அடுப்பு எரிந்ததா என்பது அதில் இராது.

மேற்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். நைஜீரியாவில் எனுகு நகரையடுத்த நிலக்கரிச் சுரங்கத்தில் 1949 நவம்பர் 18-ம் தேதி தொழிலாளர் 21 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர். அச்சுரங்கத்தாரின் சரித்திரத்தை கரோலின் பிரவுன் அம்மையார் 2003-ல் நூலாக்கினார். சர்க்கார் தஸ்தாவேஜுகளோடு நில்லாமல், சுரங்கத்தில் உழைத்தவர்களையே கண்டு கேட்டார். அவர்களும் கூலியோடு மரியாதையைக் கேட்டவர்களே.

1941-ல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை இடிக்கையில் தகரப்பெட்டியும் குப்பைக்குப் போகிறது. சம்பளச் சீட்டு, சந்தா ரசீது, ஊர்க் கடிதம், சங்கக் கூட்டக் குறிப்பு எதையும் எறியாதீர்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், தோட்டம், வருஷம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப் பழகிய கிராணிமார் இதில் கைகொடுக்கவேண்டும்.

நாம் குறித்து வைக்காததை நாளை எந்தப் பண்டிதராலும் எழுத முடியாது. இந்த வாரமே தொடங்குவோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!