கிண்ணமும் கறுப்புப் பாயும்



எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்பட்டு வரும் ஒரு காதற் கதையைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறேன். திரிஸ்தான், இசோல்ட் என்னும் இருவரின் கதை அது. கெல்தியரின் வாய்மொழி மரபில் வேர்கொண்டு, 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் காவிய வடிவம் பெற்றது.

கார்ன்வால் மன்னன் மார்க்கின் மருகன் திரிஸ்தான். மாமனுக்கு மணமகளாக அயர்லாந்தின் இசோல்டை அழைத்துவரக் கடல் கடந்து செல்கிறான். மகளும் அவள் கணவனும் மனமொத்து வாழவேண்டுமென்று தாய் காய்ச்சித் தந்த காதல் மதுவை, திரும்பும் கப்பலில் இவ்விருவரும் அறியாமல் அருந்திவிடுகின்றனர். அதன்பின் நிகழ்வதெல்லாம் மறைவும் பிரிவும் சாவுமே.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது என்ன? ஒவ்வொரு கவிஞனும் இதற்குத் தனக்கென ஒரு விடை வைத்திருக்கிறான்.

பெரூலின் காவியம், முதலும் முடிவும் இழந்த ஒரே கையெழுத்துப் படியில்தான் எஞ்சியுள்ளது. அதில் மதுவின் ஆற்றல் மூன்றாண்டுகளுக்கே. காட்டில் ஒளிந்து வாழும் நாளில் அந்தக் கெடு முடிகிறது. திரிஸ்தான் தான் இழந்த வீரர் வாழ்வை எண்ணி வருந்துகிறான். இசோல்ட் தான் இழந்த அரசி வாழ்வை எண்ணுகிறாள். வியப்பு என்னவெனில், மது தீர்ந்த பின்னும் காதல் தீரவில்லை. அதுவரை மருந்தின் மேல் போட்ட பழியை இனி அவர்களே சுமக்க வேண்டும்.

தாமஸ் என்னும் கவிஞரோ மதுவுக்குக் கெடு வைக்கவில்லை. அவர் பாடலில் அது சாவு வரை தொடர்வது. 1865இல் மியூனிக் நகரில் அரங்கேறிய வாக்னரின் இசைநாடகத்தில், இருவரும் நஞ்சென்று எண்ணியே குடிக்கின்றனர். தோழி கிண்ணத்தை மாற்றிவிட்டாள். சாவு உறுதி என்று நம்பியபோது, முன்பே இருந்த காதல் வாய் திறக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்பர்களே, கிண்ணத்தைப் பற்றி இத்தனை பேர் பேசியிருக்க, கதையின் ஓரத்தில் ஒருத்தி நிற்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெண்கரத்து இசோல்ட் என்பது அவள் பெயர். முதலாமவளின் பெயரைக் கொண்டிருந்ததாலும் திரிஸ்தான் இவளை மணந்தான். மணந்தும் மனைவியாக ஏற்கவில்லை. நஞ்சு தோய்ந்த புண்ணோடு கிடந்த அவன், தன்னைக் குணப்படுத்தவல்ல காதலியை அழைத்துவர ஆள் அனுப்புகிறான். அவள் வந்தால் வெள்ளைப் பாய், வராவிடில் கறுப்புப் பாய். சுவருக்கு அப்பால் நின்று மனைவி அதைக் கேட்டுவிடுகிறாள். கப்பல் வெள்ளைப் பாய் விரித்து வருகிறது. "பாய் கறுப்பு" என்கிறாள் அவள். அவன் உயிர் பிரிகிறது. வந்திறங்கிய இசோல்டும் அவன் உடலருகே மடிகிறாள்.

அந்த ஒரு பொய்க்காக அவளை நூற்றாண்டுகள் ஏசின. அவள் கிண்ணத்தில் ஒரு துளியும் அருந்தியவள் அல்லள். காதலருக்கு மது என்ற மன்னிப்பு உண்டு. இவளுக்கு எந்த மன்னிப்பும் இல்லை. 1852இல் வெளிவந்த தம் நெடும்பாட்டில் மாத்யூ ஆர்னால்டு அந்தப் பொய்யையே நீக்கினார். இறுதிப் பகுதியை, குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு தனித்திருக்கும் அந்தக் கைம்பெண்ணுக்கு அளித்தார். அவள் குற்றத்தைத் துடைத்தது பெருந்தன்மைதான். ஆயினும் அந்தப் பொய்யோடு சேர்த்து அவளை ஏற்பதே கடினமான கவிதை என்று கருதுகிறேன்.

பழங்கதையை மீண்டும் பாடுவோர் புதிய நிகழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை. யாருக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது என்று பார்த்தால் போதும். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்களுள் ஒருவரேனும், கரையில் நின்று வெள்ளைப் பாயைக் கண்ட அந்தப் பெண்ணின் கணத்தை எழுதவேண்டும் என்ற விருப்பத்தோடு அமைகிறேன்.