முதுமையும் மருத்துவச் செலவும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் உளர்; உத்தியோகத்தின் பொருட்டு அண்மையில் வந்தோரும் உளர். இரு சாரார் இல்லங்களிலும் முதியோர் இருக்கின்றனர். இந்நகரில் மருத்துவத்திற்குக் குறைவில்லை. 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும், மண்டலப் புற்றுநோய் மையமும் நம் ஊரிலேயே உள்ளன. குறைவெல்லாம் பணத்திற்குத்தான்!

நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பெற்றோரை இங்கே அழைத்து வருகிறோம். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ அங்குள்ள குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் பற்றி நிற்பது. அட்டையிலிருந்து பெயரை நீக்குவோர், அதனோடு காப்பீடும் போகுமே என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுபது நிறைந்தோர்க்கு வருமான வரம்பின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுமாறு ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிக்கப்பட்டது. மாநில அரசுகளின் வழியாக நடப்பதாகையால், இங்கே எந்த மருத்துவமனை அதனை ஏற்கும் என்பதை நோய் வருமுன்னரே விசாரித்து வையுங்கள்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டோர் பாடுதான் கடினம். எவ்வயதினர்க்கும் பாலிசி வகுக்குமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் பணித்தது உண்மையே. ஆயினும் முன்பே உள்ள நோய்க்கு 36 மாதங்கள் வரை காத்திருக்கச் சொல்லலாம். நீரிழிவு உள்ளவர் 67 வயதில் பாலிசி எடுத்தால், அந்நோய்க்குப் பயன் கிட்டுவதற்குள் எழுபதே வந்துவிடக்கூடும். அறுபதிலேயே எடுத்திருந்தால் அவ்வளவு கவலை இராது. நோயை மறைத்து எடுப்பதோ வீண் வேலை. பணம் கேட்கும்போது அது வெளிப்பட்டுவிடும்.

அறை வாடகையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நாளுக்கு 5,000 ரூபாய் என வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டுமென 10,000 ரூபாய் அறை எடுக்கிறோம். மிகுதி வாடகையோடு போயிற்று என்று கருதுகிறோம். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணமும் அறுவைக் கட்டணமும்கூட அதே விகிதத்தில் பாதியாகக் குறைக்கப்படும். முகவர் இனிக்க இனிக்கப் பேசும்போது இதனைச் சொல்வது அரிது, நாம்தாம் கேட்கவேண்டும். செலவில் நோயாளி ஏற்கவேண்டிய பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்குப் பெரும்பாலான பாலிசிகள் காசு தருவதில்லை. அதற்குக் காருண்யா மருந்தகங்களும் ஜன் ஔஷதிக் கடைகளும் உள்ளன. மருந்தின் மூலப்பெயரை எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்டு, அச்சீட்டுடன் அங்கே செல்லுங்கள்.