எழுதாத தேர்வுக்கு ஒரு மதிப்பெண்



முகவரியைச் சரியாக எழுதாமல் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுவது அவரவர் கவனக்குறைவு. யாரும் திட்டம் போட்டு அதைச் செய்வதில்லை. ஆனாலும் பாரீஸ் அஞ்சலகத்தில் உரியவரிடம் சேராமல் தேங்கும் கடிதங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1814-இலேயே எழுதினார். மறதிக்கும் ஒரு கணக்கு!

அவருக்குப் பின் வந்தவர் பெல்ஜிய வானியலாளர் அடால்ஃப் கெத்லே. விண்மீன்களை ஆராயப் பயன்பட்ட அதே கணிதத்தால் மனிதர்களையும் அளந்தார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கின்படி, 1820-களின் பிற்பகுதியில் பிரான்சில் கடுங்குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7,000 பேர். 1835-இல் வெளிவந்த நூலில் ‘சராசரி மனிதன்’ என்ற ஒருவனை அவர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கற்றோர் பலர் பதறினார்கள். அடுத்த ஆண்டின் குற்றங்களை இன்றே எண்ணிவிடலாம் என்றால், குற்றவாளிக்குச் சுயவிருப்பம் ஏது?

இந்தப் பதற்றம் வேண்டாதது. 7,000 என்று சொல்லும் கணக்குக்கு அந்த 7,000 பேரில் ஒருவருடைய பெயரும் தெரியாது. தம் விதிகள் சமுதாயத்துக்கானவை, தனி ஆளுக்குப் பொருந்தாதவை என்று கெத்லேயே சொல்லியிருக்கிறார். ஊரைப் பற்றிய கணக்கை ஒருவர் தலையில் தீர்ப்பாக இறக்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

2020-இல் இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்து. ஆசிரியர்கள் உத்தேச மதிப்பெண் கொடுத்தார்கள்; மாணவர்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்தியும் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள் என்ற கவலை தேர்வு ஒழுங்காணையமான ஆஃப்குவாலுக்கு இருந்தது. அது பொய்யான கவலையும் அல்ல. ஆகவே பள்ளியின் முந்தைய மூன்றாண்டுத் தேர்ச்சியை முதன்மையாகக் கொண்டு ஒரு கணித மாதிரி உருவானது. எந்த மதிப்பெண் எத்தனை பேருக்கு என்பதை மாதிரி சொல்லும்; யாருக்கு என்பதை ஆசிரியரின் வரிசை சொல்லும்.

ஒரு பள்ளியில் இயற்பியல் படிப்பவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக அங்கே யாரும் உச்ச மதிப்பெண் வாங்கவில்லை. ஆண்டுக்கு ஒருவர் தோற்றிருக்கிறார். இந்த ஆண்டு முதலிடத்தில் இருக்கும் பெண் எத்தனை கெட்டிக்காரியானாலும் உச்ச மதிப்பெண் பெரும்பாலும் எட்டாக்கனிதான். வரிசையில் இருபதாவதாக இருப்பவன் தேறக்கூடியவன்தான் என்று ஆசிரியர் சொன்னாலும், தோல்வி அவனை நோக்கித்தான் வரும். அவன் செய்த தவறு என்ன? முன்னால் படித்த எவரோ தோற்றது!

ஐந்து பேரோ அதற்கும் குறைவானவர்களோ படித்த வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் சொன்னதே செல்லுபடியானது. சிறு வகுப்புகள் எங்கே அதிகம்? தனியார் பள்ளிகளில்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தன. ஆசிரியர் கொடுத்ததைவிடக் குறைக்கப்பட்ட மதிப்பெண்கள் கிட்டத்தட்ட 40 விழுக்காடு. மாணவர்கள் லண்டனில் கல்வித்துறை வாசலில் திரண்டு முழங்கினார்கள். 17-ஆம் தேதி அரசு பின்வாங்கியது. ஆசிரியர் மதிப்பெண்ணே மீண்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவருக்கு முடிவு இப்படி மாறும் வாய்ப்பு அமையவில்லை. 2013-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்த நீதிபதி, மீண்டும் குற்றம் செய்வாரா என்று மென்பொருள் போட்ட மதிப்பெண்ணையும் சுட்டிக்காட்டினார். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், வணிக ரகசியம் என்றது மென்பொருள் நிறுவனம். 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அந்த மதிப்பெண் ஒன்றே தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது என்று எச்சரிக்கையும் விடுத்தது.

மனிதர் தீர்ப்பில் மட்டும் ஓரவஞ்சனை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் தீர்ப்பளித்த மனிதரை எதிரே நிறுத்திக் காரணம் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவை எந்திரம் மட்டுமே எடுப்பதற்கு எதிரான உரிமையைத் தருகிறது. மாணவர்களே, கடன் மறுக்கப்பட்டாலும் வேலை மறுக்கப்பட்டாலும் மூன்று கேள்வி கேட்கப் பழகுங்கள்: எந்தத் தகவலை வைத்து முடிவெடுத்தீர்கள்? அது என்னுடையதா, என்னைப் போன்றவர்களுடையதா? மறுபரிசீலனை செய்யப் போகும் அதிகாரி யார்?