குஞ்சின் குரல்

முட்டையை விட்டு வெளிவரும் பாடும் பறவையின் குஞ்சுக்குக் கண் திறந்திராது. உடலில் இறகும் இராது. அது நன்கறிந்தது பசி ஒன்றே. அப்பசியைப் பெற்றோருக்கு உணர்த்த அதனிடம் உள்ளவை விரிந்த வாயும் ஓயாத குரலுமே.

1939ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் டின்பெர்கன், குயனன் என்பாருடன் சேர்ந்து திரஷ் இனத்துக் குஞ்சுகளை ஆராய்ந்தார். கண் திறவாக் குஞ்சுகள், கூடு சற்றே அசைந்ததும் தாய் வந்ததுபோல் வானோக்கி வாய் பிளந்தன. கண் திறந்து சில நாட் சென்ற பின்னரே தாயின் தலை இருக்கும் திசை நோக்கிக் கழுத்தை நீட்டின. தட்டை வட்டங்களாற் செய்த போலித் தாய்க்கும் அவை வாய் திறந்தன என்பது வேடிக்கை.

வாயின் நிறமும் பேசும். கனேரிக் குஞ்சு பசித்திருக்கையில் அதன் வாயினுள்ளே குருதி பாய்ந்து செந்நிறம் மிகும். சிவந்த வாய்க்கே பெற்றோர் முதலில் இரை ஊட்டும் என்பதை 1997இல் ரெபெக்கா கில்னர் என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினார்.

அவ்வாறாயின், பசியாத குஞ்சும் பசித்ததுபோற் கூவி ஏமாற்றாதா? ஏமாற்றலாம், ஆனால் கூச்சல் பகைப் பிராணிகளையும் கூட்டிற்கு அழைத்து வரும். ஆதலின் வீண் கூச்சல் ஆபத்தானது.

எனினும் இம்மொழியைக் களவாடிய பறவையும் உண்டு. ஐரோப்பியக் குயில், நாணலிற் கூடு கட்டும் சிறு கதிர்க்குருவியின் கூட்டில் முட்டையிடும். பொரித்த குயிற்குஞ்சு ஏனைய முட்டைகளை முதுகிற் சுமந்து வெளியே தள்ளிவிடும். அம்மை குத்தும் முறையைத் தந்த எட்வர்ட் ஜென்னரே இதனை 1788இல் விவரித்தார். (காகத்தின் கூட்டில் வளரும் நம் நாட்டுக் குயிற்குஞ்சு பெரும்பாலும் இக்கொடுமையைச் செய்வதில்லை.)

தனித்திருக்கும் அக்குஞ்சுக்கு நான்கு குருவிக் குஞ்சுகளுக்கு ஆகும் இரை வேண்டும். இருப்பதோ ஒரே வாய். அக்குறையை அது குரலால் நிரப்புகிறது. ஒரு கூட்டுக் குஞ்சுகள் யாவும் ஒருங்கே கத்துவது போன்று அது விரைந்து கூவும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிஸ், கில்னர், நோபிள் ஆகியோர் இதனைச் சோதித்து 1998இல் வெளியிட்டனர். குயிற்குஞ்சின் பருமனுள்ள திரஷ் இனத்துக் குஞ்சொன்றைக் கதிர்க்குருவியின் கூட்டில் வைத்தபோது, குருவிகள் அதற்குக் குறைவாகவே இரை கொணர்ந்தன. கூட்டருகே ஒலிபெருக்கி வைத்துக் குயிற்குஞ்சின் குரலை ஒலிக்கச் செய்ததும், குயிற்குஞ்சுக்கு உழைப்பது போலவே அக்குருவிகள் இரை தேடி விரைந்தன.