மழைக்கு முன்னே, வீட்டுப் பெரியவர்கள்

ஐப்பசி பிறக்குமுன் வரப்பைச் சீர்செய்கிறோம். வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன ஏற்பாடு?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றது. அந்தச் சமயத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனால் ஆபத்து. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் இரண்டு வாரத்துக்கானதை, விதைநெல் மாதிரி, தனியே எடுத்து, மருந்துச் சீட்டோடு இறுக்கமான டப்பாவில் உயரத்தில் வையுங்கள். மின்சாரம் போனால் இன்சுலினுக்கு, ஈரமணல்மேல் வைத்த மண்பானை குளிர்ச்சி தரும். மருந்தில் ஈரம் படக்கூடாது.

தண்ணீர் வாசலுக்கு வருமுன்பே அவர்களை மேட்டுக்கு அழைத்துப் போங்கள். "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போங்க" என்பார்கள். விட்டுவிடாதீர்கள்.