மூளைக் காய்ச்சலா, மூளை அழற்சியா?

நிபோங், நிப்பா ஆகிய இரண்டும் பனைக் குடும்பத்து மரங்களுக்கு மலாய்மொழி இட்ட பெயர்கள். முன்னது இவ்வூர்ப் பெயரில் நிற்கிறது. பின்னது, நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா சிற்றூர்வழி, கொடிய வைரஸ் ஒன்றின் பெயராயிற்று.

1998-99இல் அந்நோய் இந்நாட்டில் 265 பேரைப் பற்றி, 105 பேரை மாய்த்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதிப் புகையடித்தனர், தடுப்பூசியும் இட்டனர். நோயோ பன்றிகளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புதிய வைரஸை இனங்கண்ட பின்னரே உண்மை தெளிந்தது.

நான் மருத்துவன் அல்லன். எனக்குச் சொல்தான் தொழில். 'காய்ச்சல்' என்ற சொல் இங்கே உறுத்துகிறது. காய்ச்சல் விட்டால் நோய் தீர்ந்தது என்பது நம் வழக்கு. நிப்பாவில் அது பொய்த்தது. மூளையின் நுண்குருதிக் குழாய்கள் அழன்று அடைபட்டன. பிழைத்தவருள் சிலர்க்குத் திங்கள்கள், ஆண்டுகள் கழித்தும் மூளை அழற்சி மீண்டது.

'அழற்சி' அழல் என்பதன் வழிவந்த சொல். காய்ச்சல் உடலெங்கும் தெரியும் சூடு. அழற்சி உறுப்பினுள் நிகழ்வது. மூளையின் காவலணுக்களாகிய மைக்ரோகிளியா மிகுந்து கிளர்ந்தால் நரம்பணுக்களுக்கும் ஊறு நேரும். அல்சைமர் நோயிலும் இவ்வழற்சி காணப்படுகிறது; அங்கே காய்ச்சலே இல்லை.

ஆசிரியர்களே, பாடக்குறிப்பில் மூளை அழற்சி என்றே எழுதுங்கள். வீட்டில் பாட்டியிடம் மூளைக் காய்ச்சல் எனலாம். காய்ச்சல் விட்டபின்னும் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பதையும் உடன் சொல்லிவிடுங்கள்.