எடுத்த இடம் சொல்லுதல்



உயர்தர வகுப்பு மாணவரின் ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்துபவன் நான். முதற் பந்தியில் தடுமாறிய பிள்ளை, இரண்டாம் பந்தியில் பேராசிரியரைப் போலப் பேசும்போது சிவப்புப் பேனா தானாகவே நின்றுவிடும். "எங்கையிருந்து எடுத்தனீர்?" என்று கேட்டால், "சொல்லுகளை மாற்றித்தானே சேர் எழுதினனான்" என்று பதில் வரும். சொல்லை மாற்றினாலும் கருத்துப் பிறருடையதே என்பது அவருக்கு ஒருவரும் விளக்காத சங்கதி.

இதைக் களவு என்று அதட்டுவதோடு நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நமது இலக்கிய வரலாற்றையே எடுத்துக் காட்டலாம். முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் 108 பாடல்கள் புறத்திரட்டு என்னும் தொகை நூல் வழியே வந்தவை. வளையாபதியின் 66 பாடல்களும் அங்கேயே பிழைத்தன. தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் எப்பாடல் எந்நூலுக்குரியது என்ற குறிப்பு அதில் இருந்தது. அது இல்லையேல், பாடல் இருந்தும் நூலை அறிந்திரோம். உரையாசிரியர் பலரோ நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள் காட்டிச் சென்றனர். கேட்போர் அறிவர் என்ற நம்பிக்கை போலும்! அவற்றுட் சில இன்றும் எந்நூற் செய்யுள் என்று தெரியாமலே நிற்கின்றன.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. அப்படியொரு நூலிலிருந்து யாரேனும் ஒரு பந்தியை எடுத்தாண்டு, ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் இட்டிருந்தால், அந்தத் துண்டாவது இன்று அடையாளத்தோடு இருக்கும்.

இன்னொரு வழக்கம், இரவல் மேற்கோள். கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூலைக் கண்ணாலும் காணாதவர், வழிகாட்டிப் புத்தகமொன்றில் கண்ட வரியை எடுத்து, மூல நூலின் பக்க எண்ணையே போடுவார். வழிகாட்டியில் எண் பிழையென்றால் அப்பிழையும் கூடவே வரும். பார்த்தது எதுவோ அதையே குறிக்க வேண்டும். "இன்னார் எடுத்துக்காட்டியவாறு" என்று எழுதுவதில் இழுக்கில்லை. கைத்தொலைபேசியில் வாசித்ததற்கும் இதுவே முறை. பார்த்த திகதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உசாத்துணைப் பட்டியல் கட்டுரை முடிந்தபின் தேடி எழுதுவதன்று. வாசிக்கும்போதே ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்கம் நான்கையும் கொப்பியில் குறிக்கச் சொல்கிறேன். மேற்கோளை அப்போதே இரட்டைக் குறிக்குள் இட்டுவிட்டால், ஒரு மாதம் கழித்து எது தமது வசனம், எது பிறரது என்ற மயக்கம் வராது. அடுத்த தவணை ஒப்படையோடு அந்தக் கொப்பியையும் கேட்டு வாங்கப் போகிறேன்.